கழுத்தடியில் ஒரு கனல்

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அகங்காரத்தில் தொடங்கும் அவ்வரிசை சோம்பலில் முடியும். உலோபித்தனமும் மோகமும் சிறுவர்களுக்கு விளங்காத சொற்கள். சோம்பல் மட்டும் நன்றாக விளங்கிற்று. விடியற்காலைத் திருப்பலிக்கு எழாதவன் சோம்பேறி. செபமாலையின் மூன்றாவது தேவ இரகசியத்தில் தூங்கி விழுபவள் சோம்பேறி. அகங்காரமும் காய்மகாரமும் உள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். சோம்பலோ திண்ணையில் எல்லார் கண்ணிலும் படும்படி படுத்துக் கிடக்கும். பிறர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பிடக்கூடிய பாவம் அது.

அப்படிப் பார்த்த மாத்திரத்தில் இடப்படும் தீர்ப்பையும், கழுத்தின் முன்புறத்தில் குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சிபோல் ஒட்டியிருக்கும் ஒரு சுரப்பியையும் சேர்த்து எழுத வேண்டுமென்று நெடுநாளாய் எண்ணியிருந்தோம்.

தைராய்டு என்பது அச்சுரப்பியின் பெயர். கேடயம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் சூட்டிய பெயர் இது. அது எதற்காக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கழுத்துக்கு வடிவும் வனப்பும் தருவதற்காக, அதிலும் சிறப்பாகப் பெண்களின் கழுத்துக்கு அழகூட்டுவதற்காக, இறைவன் வைத்தது போலும் என்று அவர் கருதினார். நகைப்பதற்கில்லை. இச்சுரப்பிக்கு வாயில்லை, குழாயில்லை. எச்சில் சுரப்பியைப்போலத் தன் நீரை ஓரிடத்தில் கொண்டுபோய் விடுவதும் இல்லை. சுரப்பதை நேரே இரத்தத்தில் கலந்துவிட்டு அமைதியாக இருந்துவிடுகிறது. ஆகவேதான் இவ்வகைச் சுரப்பிகளை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். இவை அனுப்பும் தூதுப் பொருளுக்கு ஹார்மோன் என்ற பெயர் வழங்கியது 1905-இல்தான். எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்பவர், கிளர்ச்சியூட்டுவது என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து அதை ஆக்கினார்.

உண்ட சோறு உடலுக்குள் எரிய வேண்டும். எரிந்த வெப்பத்தில் ஒரு பகுதி உடலைச் சூடாக வைத்திருக்கும்; மற்றொரு பகுதி இதயத்தைத் துடிக்கவும், நுரையீரலை விரியவும், உயிரணுக்கள் ஒவ்வொன்றின் சுவரிலும் உப்பை வெளியே இறைக்கவும் செலவாகும். இந்த ஆக்கலையும் எரித்தலையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்பர். வேலையொன்றும் செய்யாமல் கட்டிலில் படுத்திருப்பவரின் உடலும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சாதாரண வாழ்க்கை வாழும் ஒருவர் நாளெல்லாம் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்தச் சும்மா இருப்பதற்கே போய்விடும். அந்த அடுப்பு எவ்வளவு வேகமாய் எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் முதன்மையானது கழுத்தடியிலுள்ள இச்சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். நாளொன்றுக்கு அது சுரக்கும் தைராக்சின், ஒரு கிராமைப் பதினாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கு மேல் போகாது. அந்த ஒரு கூறு முற்றும் நின்றுபோனால் அடுப்பின் வேகம் ஏறத்தாழப் பாதியளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. திசுக்களை அடைந்ததும் அவற்றில் ஒன்று கழன்று, மூன்று அணுக்களுள்ள வீரியமிக்க வடிவம் பிறக்கிறது. அவ்வடிவம் உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து, மரபணுக்கள் சிலவற்றை விழிக்கச் செய்கிறது, சிலவற்றை உறங்கச் செய்கிறது. மூளை, இதயம், குடல், தோல், மயிர்க்கால் என்று அதன் ஆணை போகாத இடம் அநேகமாய் இல்லை. இத்தனைக்கும் வேண்டிய அயோடின் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பார்த்தோம். நான்கு கிராமைக்கூடத் தொடவில்லை. பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை ஒரு மனிதனுக்கு வேண்டுவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

சுரப்பி தன்னிச்சையாய் இயங்குவதும் இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற மற்றொரு சுரப்பி தொங்குகிறது. இரத்தத்தில் தைராக்சின் குறையும்போது அது தன் தூதை அதிகமாய் அனுப்பும், மிகும்போது அடக்கிக்கொள்ளும். ஏரியின் மடை காப்பவன் வயலில் நீர் குறைந்தால் பலகையைத் தூக்குவதும், நிறைந்தால் இறக்குவதும் போன்றது இது. பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் ஆணை உண்டு. அது அனுப்பும் துளியளவான பொருளின் அமைப்பை அறிய இரண்டு ஆய்வுக் குழுக்கள் இலட்சக்கணக்கான ஆட்டு மூளைகளிலும் பன்றி மூளைகளிலும் ஆண்டுக்கணக்காய்த் தேடின; 1969-இல்தான் கண்டன. அக்குழுக்களின் தலைவர்களான கில்லமினும் ஷாலியும் 1977-இல் நோபல் பரிசு பெற்றோரில் இருவர். மருத்துவர் இன்று நம் இரத்தத்தில் முதலில் அளந்து பார்ப்பது பெரும்பாலும் பிட்யூட்டரியின் தூதைத்தான். தைராய்டு தளரத் தளரப் பிட்யூட்டரி உரக்கக் கூவும். கூவல் மிகுந்திருந்தால் கழுத்தடியில் கனல் தணிந்துவிட்டது என்று பொருள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில், எங்கள் வீட்டிலேயே, அக்கனல் தணிந்த ஒருவர் இருந்தார். தந்தையின் தங்கை, எங்களுக்கு அத்தை. பனையோலைப் பெட்டி முடைவதில் கைதேர்ந்தவர். கோவில் பாடற்குழுவில் அவர் குரல் தனித்துக் கேட்கும் என்பார்கள். முப்பது வயதை ஒட்டி அந்தக் குரல் கரகரத்துத் தடித்தது. பாடகர் குழுவின் கடைசி வரிசைக்கு மாற்றப்பட்டார். பிறகு தாமே வருவதை நிறுத்திக்கொண்டார். ஓலை பின்னும் விரல்கள் உப்பி மந்தப்பட்டன. சித்திரை வெயிலில் ஊரே விசிறியோடு அலையும்போது அத்தை கம்பளிப் போர்வையைத் தேடுவார். குடும்பச் செபத்தில் முழந்தாளில் இருந்தபடியே உறங்குவார். கேட்ட கேள்விக்குப் பதில், கேட்டவர் அடுத்த வேலைக்குப் போன பிறகு வரும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பத்தார், "பிள்ளை கொஞ்சம் மந்தமாய் இருக்கிறாளோ" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டனர்.

பாட்டிக்கு இது நோயாகவே தோன்றவில்லை. "தின்கிறதுக்கும் தூங்குகிறதுக்கும்னே பொறந்தவ" என்பார். தின்பது என்னவோ உண்மையில் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் எரிவது அதனினும் குறைந்ததால் முகமும் உடலும் ஊதிக்கொண்டே போயின. பார்ப்பவருக்கு அது பாட்டியின் கூற்றுக்குச் சான்றாகவே தெரிந்தது. இக்குறையின் கொடுமையே இதுதான். காய்ச்சல் கொதிக்கும், எலும்பு முறிந்தால் வீங்கும். நோயாளி என்று உலகம் ஒப்புக்கொள்ளும். இதுவோ நோயின் முகத்தோடு வருவதில்லை, குணத்தின் முகத்தோடு வருகிறது. மறதி, மந்தம், மனச்சோர்வு, எதிலும் ஊக்கமின்மை என்று இதன் அறிகுறிகளை எழுதிப் பாருங்கள். மருந்துச் சீட்டு எழுதுவது போலவே இராது, ஒரு மனிதரைப் பற்றிப் புறணி பேசுவது போலவே இருக்கும்.

1987-இல் வேறெதற்கோ துணையாகப் போன ஒரு மருத்துவமனையில், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தையைக் கடந்துபோன மருத்துவர் ஒருவர் நின்று பார்த்தார். புருவத்தின் வெளிக்கோடியில் முடி உதிர்ந்திருப்பதைக் கவனித்தார். உள்ளே அழைத்து, முழந்தாளிட வைத்து, குதிகாலுக்கு மேலுள்ள நரம்பைச் சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று உதறியது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப மிகவும் தாமதித்தது. இரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பி முடிவு வந்தபோது அவர் எதிர்பார்த்தபடியே இருந்தது. வெண்ணிறச் சிறு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், ஆயுள் முழுவதும்.

ஆயுள் முழுவதும் என்பது அத்தையைக் கலக்கவில்லை. வெறும் வயிறு என்பதுதான் கலக்கியது. திருப்பலிக்கு முன் மாத்திரை விழுங்கினால் நற்கருணை உபவாசம் முறிந்துபோகுமே என்று பங்குத் தந்தையிடம் ஓடினார். "சாமி, மாத்திரை போட்டுட்டு நன்மை வாங்கலாமா?" தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிப்பதில்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறதென அவர் விளக்கிய பிறகுதான் அத்தைக்கு நிம்மதி வந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 919-ஆம் விதி அது.

ஆறேழு மாதங்களில் போர்வை பெட்டிக்குள் போயிற்று. முகத்தின் ஊதல் வடிந்து, பழைய புகைப்படத்திலிருந்த பெண் மெல்லத் திரும்பி வந்தார். குரல் முழுவதும் திரும்பவில்லை. கலியாண வயதும் திரும்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஓலை கிழித்துக்கொண்டே, அத்தை சிரித்தபடி சொன்னார்: "எட்டு வருஷமா பாவசங்கீர்த்தனத்துல சோம்பல், சோம்பல்னு சொல்லி அபராதம் வாங்கியிருக்கேன். அந்த மந்திரத்தையெல்லாம் ஆண்டவர் யார் கணக்குல எழுதியிருப்பார்?" நமக்கு அன்றும் பதில் தெரியவில்லை. புனித அக்குவினா தோமா இப்பாவத்தை இறைநன்மையைக் குறித்து மனிதன் கொள்ளும் துக்கம் என்று விளக்கியிருக்கிறார். உடலின் தளர்ச்சியைச் சொல்லவில்லை. ஆனால் அக்குவினாவின் நூலைத் திறந்து பார்த்து யாரும் அடுத்த வீட்டுப் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வதில்லை.

மருத்துவ உலகம் இச்சுரப்பியின் அருமையை உணர்ந்ததும் இத்தகைய ஒரு பெண்ணைக் கொண்டே. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் தியோடர் கோகர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அம்மலை நாட்டில் முன்கழுத்துக் கழலை மலிந்திருந்தது. கழுத்தில் பூசணிபோல் தொங்கி மூச்சையே அடைக்கும். அறுத்தெடுப்பதில் கோகருக்கு இணையில்லை. 1874-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார். காயம் ஆறிற்று. பின்னர் அவளை அனுப்பிவைத்த ஊர் மருத்துவரிடமிருந்து செய்தி வந்தது: சிறுமியின் குணமே மாறிவிட்டது, சிடுசிடுப்பும் மந்தமுமாய் இருக்கிறாள், கட்டாயப்படுத்தினாலன்றி வேலை செய்வதில்லை. கவனியுங்கள், அங்கும் முதலில் கண்ணில் பட்டது சோம்பல்தான்.

1882-இல் ஜெனிவாவைச் சேர்ந்த ரெவெர்தின் என்ற மருத்துவரும் இதே போன்ற விளைவுகளைக் குறிப்பிட்டதும், கோகர் தம்மிடம் அறுவை செய்துகொண்டவர்களைத் திரும்ப வரவழைத்தார். சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் பதினெட்டுப் பேரைப் பார்க்க முடிந்தது. அவர்களில் பதினாறு பேரின் உடலும் அறிவும் தளர்ந்திருந்தன. அச்சிறுமி தன் தங்கையோடு வந்தாள். முன்பு இருவரையும் அடையாளம் தெரியாமல் ஒருவரை மற்றவராய் நினைப்பார்களாம். இப்போது தங்கை வளர்ந்து மலர்ந்த கன்னிப்பெண். அக்காளோ வளர்ச்சி நின்று, முகம் தடித்து, குள்ளமாய் நின்றாள். கோகர் இதை மறைக்கவில்லை. 1883-இல் பெர்லினில் அறுவை மருத்துவர் பேரவையின் முன் எல்லாவற்றையும் எடுத்துரைத்தார். புற்று அல்லாத கழலைக்காக முழுச் சுரப்பியையும் எடுப்பதைக் கைவிட்டார். 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொண்டாடப்பட்ட கைத்திறனைவிட அந்த 1883-ஆம் ஆண்டு உரையே நம் மனத்தில் பெரிதாய் நிற்கிறது.

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து தொலைவில் இல்லை. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். பின்னாளில் வாய்வழியே தந்தாலும் பயன் தரும் என்று தெரிந்தது. அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் நலமாய் வாழ்ந்து 1919-இல் இறந்தார். அதற்குள் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாகியிருந்தன. சாற்றின் உயிர்நிலையைப் படிகமாய்ப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் எட்வர்ட் கெண்டல். நாள் 1914 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழா. 1927-இல் ஹாரிங்டனும் பார்கரும் ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்து காட்டினர். அத்தையின் மாத்திரைக்கு எந்த ஆடும் உயிர்விடத் தேவையில்லாமற் போயிற்று.

ஆனால் அத்தையின் குறையும் ஆல்ப்ஸ் மலைவாசிகளின் குறையும் ஒன்றல்ல. கடலோரத்தில் மீன் உண்டு வளர்ந்தவருக்கு அயோடின் பஞ்சம் வர நியாயமில்லை. அவருடையது உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்கும் நோய். 1912-இல் ஹகரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களிடம் கண்டு விவரித்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் பன்மடங்கு மிகுதி. இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இப்போதெல்லாம் உடல் பருத்தாலும் தைராய்டு, முடி கொட்டினாலும் தைராய்டு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. இக்குறையால் ஏறும் எடை பெரும்பாலும் சிறிதளவே. இரத்தத்தைச் சோதித்துப் பாராமல் சுரப்பியின் மேல் பழிபோடுவதும் ஒருவகைத் தீர்ப்புத்தான்.

மலைநாட்டுக் கதை வேறு. அயோடினின் பெருங்களஞ்சியம் கடல். கடலிலிருந்து காற்றில் ஏறி மழையோடு மண்ணில் இறங்கும். பனியாறுகளும் பெருமழையும் மேல்மண்ணை அரித்துச் சென்ற மலைச்சரிவுகளில் அது தங்குவதில்லை. அம்மண்ணில் விளைந்ததை மட்டும் உண்டால் சுரப்பி பட்டினி கிடக்கும். கிடைக்கும் சிறிதளவையும் பிடித்துவிடப் பருத்துப் பருத்துக் கழலையாகும். கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகவும் குன்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை சரிவர உருவாவதில்லை. காது கேளாமலும் பேச்சு வராமலும், குறுகிய உடலும் குன்றிய அறிவுமாக ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் அவ்வாறு பிறந்தோர் ஏராளம். அவர்களை அந்நாட்டு மக்கள் கிரெத்தேன் என்றழைத்தனர். கிறிஸ்தவன் என்பதைக் குறிக்கும் வட்டார வழக்குச் சொல்லின் திரிபு அது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகின்றனர். இவனும் மனிதனே, ஞானஸ்நானம் பெற்ற ஆன்மாவே, விலங்கன்று என்று நினைவூட்டுவதற்காக எளிய மலைவாசிகள் இட்ட பெயர். அதே சொல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பிற்காலத்தில் மடையன் என்னும் வசையாய்த் தேய்ந்துபோனது. காப்பதற்காக இட்ட பெயரையே கல்லாக்கி எறிய மனிதனுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் 1922 முதல் உப்பில் சிறிது அயோடின் கலந்து விற்கத் தொடங்கினர். ஒரு தலைமுறைக்குள் அப்படிப்பட்ட குழந்தைகள் புதிதாய்ப் பிறப்பது அநேகமாய் நின்றுபோயிற்று. நம் நாட்டில் இமயமலை அடிவாரம் முழுவதும் இத்துன்பம் பரவியிருந்தது. 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசாமியும் குழுவினரும் காங்கடாப் பள்ளத்தாக்கைப் பகுதிகளாய்ப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கிடைக்கச் செய்தனர். சில ஆண்டுகளில் முன்னவற்றில் கழலை வெகுவாய்க் குறைந்தது, பின்னதில் குறையவில்லை. உண்மை தெரிந்ததும் அப்பகுதிக்கும் நல்ல உப்பு போயிற்று. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

உப்பளத்துக்காரர் மத்தியில் வளர்ந்த நமக்கு ஒரு செய்தி நெடுங்காலம் வியப்பாயிருந்தது. கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் அயோடின் மிகமிகச் சொற்பம். தூத்துக்குடிப் பாத்திகளில் வெள்ளையாய் மின்னும் உப்புக்கும் புறம்பாய்த்தான் அதைச் சேர்த்தாக வேண்டும். வீட்டுக்கு வந்துசேரும் உப்பில் பத்து இலட்சம் பங்கில் 15 பங்கு அயோடின் இருந்தால், நாளொன்றுக்குப் பத்து கிராம் உண்பவருக்கு வேண்டிய 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998-இல் நாடெங்கும் தடை வந்தது. விருப்பத்துக்கு விட வேண்டும் என்ற எதிர்ப்பால் 2000-இல் நீங்கியது. 2006-இல் மீண்டும் வந்தது. சிறு உப்பளக்காரரின் பிழைப்பைப் பற்றி அன்று எழுந்த கவலை நியாயமானதே என்றாலும், பிறவாத சிசு எந்த விவாதத்திலும் வந்து பேச இயலாது என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

பிறந்த சிசுவும் பேச இயலாததே. உப்பு எவ்வளவு நன்றாயிருந்தாலும் சில குழந்தைகள் சுரப்பியே இன்றியோ, சரியாய் இயங்காத சுரப்பியுடனோ பிறக்கின்றன. உலகில் பொதுவாக 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று என்பது கணக்கு; இந்தியாவில் இதைவிட மிகுதி. பிறக்கும்போது பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. தாயின் தைராக்சின் அதுவரை ஓரளவு காத்திருக்கும். பிறகு அக்குழந்தை அதிகம் தூங்கும். பாலுக்கு அழாது. இரவில் யாரையும் எழுப்பாது. பார்க்க வரும் உறவினரெல்லாம், "என்ன சமர்த்துக் குழந்தை, இருக்கிற இடமே தெரியவில்லையே!" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போவார்கள். கழுத்தடியில் கனல் இல்லாததைப் பெரியவரிடம் சோம்பல் என்று பழித்த அதே கண்கள், மழலையிடம் சமர்த்து என்று புகழும். வாரங்கள் கழியக் கழிய மூளை வளரும் காலம் கையைவிட்டுப் போகும்.

பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் குதிகாலில் ஊசியால் குத்தி எடுக்கும் சில இரத்தத் துளிகள் போதும், இதைக் கண்டுவிட. வடிதாளில் துளிகளை உலர்த்திச் சோதிக்கும் இம்முறையை 1970களில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ என்ற மருத்துவர் வகுத்தார். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து பள்ளிக்குப் போகின்றன. மாத்திரையைப் பொடித்து, சில துளி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் கரண்டியால் புகட்டுவார்கள். பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை நடக்கிறது. நம் நாட்டில் எல்லாப் பேறுகால மனைகளிலும் இன்னும் நடப்பதில்லை. நடக்கும் இடங்களிலும் கேட்டால்தான் செய்வார்கள் என்ற நிலை உண்டு. எங்கள் அத்தை அறிந்த அளவில் ஊரில் எந்தக் குழந்தை பிறந்தாலும் மூன்றாம் நாள் போய் நிற்பார். குழந்தையைப் பார்ப்பதற்கு முன் தாயிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "காலில் குத்திப் பார்த்தாங்களா?" என்பதுதான்.